ஏழாம் பெட்டியின் நிரந்தரப் பயணி

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதன் அதோடு களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சக்கரத்தை நாற்காலியில் பூட்டி, நாற்காலியை மலை உச்சிக்கு ஏற்றி, ஏற்றியதற்கு ஆதாரமாக மூன்று பிரதிகளில் அறிக்கையும் எழுதிய பெருமை மலையடிவாரத்துக் கம்பிவட ஊர்தி நிலையத்தையே சேரும். மக்கள் அதை ரோப் கார் ஸ்டேஷன் என்பார்கள். மக்கள் எப்போதும் அப்படித்தான். பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

‘அனைவருக்கும் உச்சி’ என்பது நிலையத்தின் கொள்கை. வாசலிலேயே ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழே தொடங்கும் சாய்வுப் பாதை அவ்வளவு வழுவழுப்பு. அதில் ஏறிப் போகிறவர்களைவிட அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கப் புள்ளி எழுத்துப் பலகை ஒன்று உண்டு. கை பட்டுத் தேய்ந்துவிடக் கூடாதே என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். காது கேளாதவர்கள் யாரை அணுக வேண்டும் என்பதை ஒலிபெருக்கியில் மணிக்கு நான்கு முறை அறிவித்தார்கள். இவ்வளவு அக்கறையை எங்கே போய்ப் பார்ப்பது?

எல்லாவற்றுக்கும் மகுடம், ஏழாம் பெட்டி.

வடத்தில் தொங்கும் இருபத்துநான்கு பெட்டிகளில் அது ஒன்றுதான் பச்சை. கதவு அகலம். தரை மேடையோடு சமம். சக்கர நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்ள உள்ளே இரண்டு கொக்கிகள். இப்படி ஒரு பெட்டியைச் செய்துவிட்டுக் காலியாக ஓட்டுகிற நிலையங்கள் உலகத்தில் இருக்கலாம். இந்த நிலையத்தில் ஏழாம் பெட்டி ஒருநாளும் காலியாகப் போனதில்லை. காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை, சக்கர நாற்காலியில் ஒரு பயணி அதில் இருந்தே தீருவார். தணிக்கைக்கு அனுப்பும் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்: ‘பயணி: ஒருவர். வகை: சக்கர நாற்காலி. புகார்: இல்லை.’

புகார் இல்லாததற்குக் காரணம், அந்தப் பயணி எழுபது கிலோ மணல்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. தினமும் ஓட்டம் தொடங்குவதற்கு முன் எழுபது கிலோ எடையைச் சக்கர நாற்காலியில் வைத்து ஏழாம் பெட்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு சுற்று போய்வந்தால் போதும். ஆனால் ஏற்றியதை இறக்குவதற்கு வடத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆகவே காலையில் ஏறிய மூட்டை மாலையில் நிலையம் மூடும்போதுதான் இறங்கும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுற்று. வெறும் மூட்டையாக இருந்தால் மற்றப் பயணிகள் மனம் சங்கடப்படுமே என்று யாரோ அதற்குச் சட்டையும் தொப்பியும் போட்டுவிட்டிருந்தார்கள். ஊழியர்கள் அதை ‘மூட்டையார்’ என்று மரியாதையாகவே அழைத்தார்கள்.

ஏன் நிறுத்தக் கூடாது என்று கேட்பவர்களுக்கு மேலாளர், தான் பொறுப்பேற்ற நாளில் மேடைமேல் மாட்டிய பலகையைக் காட்டுவார். ‘நிற்காமல் ஓடிய நாட்கள்’ என்று எழுதி, கீழே எண். காலையில் வடம் நகரத் தொடங்கியதிலிருந்து மாலையில் மூடும்வரை ஒருமுறைகூட நிற்காமல் ஓடினால் அது ஒரு நாள். நடுவில் யாருக்காகவாவது ஒரு நொடி நின்றாலும் பூஜ்யம். மேடைக்கு வரும்போது பெட்டிகள் நடை வேகத்துக்குத் தணியும், அவ்வளவுதான். கை கால் திடமாக இருப்பவர்கள் பெட்டியோடு நாலடி நடந்து தொற்றிக்கொள்வார்கள். எண் அப்போது தொள்ளாயிரத்து எழுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. மேலாளருக்கு ‘சாதனை சார்’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

வடத்தை ஓட்டுகிறவர் விசைக்காரர். ஒன்பது வருட அனுபவம். அவர் முன்னால் ஒரு நெம்புகோலும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தன. நெம்புகோல் காலையில் ஓட்டத்தைத் தொடங்கவும் மாலையில் முடிக்கவும். பொத்தான் நடுவில் நிறுத்துவதற்கு, அதாவது தினமும் காலையில் தூசு துடைப்பதற்கு. அவருக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஒருமுறை அதை அழுத்திவிட்டார். பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கென்று பின்கட்டில் ஒரு ஜன்னலில்லாத அறை உண்டு. அவர் இப்போது அந்தக் குடைகளுக்குக் காவல்.

விசைக்காரரின் மனைவி பூகோள டீச்சர். மலையின் இந்தப் பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவர். மறுபக்கத்தை அவர் பார்த்ததில்லை. கணவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று ஆரம்பித்தார்கள். அந்த அடுத்த வாரம் மூன்று வருடம் நீண்டது. பிறகு பள்ளிப் பேருந்து ஒன்று கவிழ்ந்தது. அதிலிருந்து டீச்சர் சக்கர நாற்காலியில்தான் வகுப்புக்குப் போகிறார்.

போன மாதம் ஏழாம் வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து கேட்டுவிட்டது.

“டீச்சர், அந்தப் பக்கம் காய்ஞ்சிருக்கும்னு சொல்றீங்களே, நீங்க பாத்திருக்கீங்களா?”

டீச்சர் பொய் சொல்லிப் பழகாதவர். “பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றார்.

ஊழியர் குடும்பத்துக்கான வருடாந்திரப் பாஸை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நிலையத்துக்கு வந்தார். சாய்வுப் பாதையில் தானே உருட்டிக்கொண்டு ஏறினார். மேலாளர் நேரில் வந்து வரவேற்றார்.

“வாங்க டீச்சர், வாங்க. எல்லா வசதியும் இருக்கு. ஏழாம் பெட்டி உங்களுக்குன்னே செஞ்சது.”

ஏழாம் பெட்டி வந்தது. உள்ளே தொப்பி அணிந்து மூட்டையார்.

“இவர் எப்ப இறங்குவார்?”

“சாயங்காலம்.”

“அப்ப நான் எப்ப ஏறுறது?”

“அதுதான் சொல்றேன் டீச்சர். அந்தப் பெட்டிக்கு அவ்வளவு கிராக்கி.”

“ஒரு அரை நிமிஷம் நிறுத்தினா அவரை இறக்கிட்டு என்னை ஏத்திடலாமே.”

மேலாளர் வலிக்கிற பல்லை யாரோ தொட்டுவிட்டதுபோல் முகத்தைச் சுளித்தார். பலகையைக் காட்டினார். “ஆயிரமாவது நாள் விழா வருது. மாற்றுத்திறனாளிங்களுக்கு வசதி இருக்கான்னு பாக்குற அணுகல் தணிக்கை அதிகாரி வராங்க. நிற்காம ஓடினதுக்குக் கேடயம், எல்லாரையும் ஏத்திக்கிட்டதுக்குச் சான்றிதழ், ரெண்டும் ஒரே மேடையில. இந்த நேரத்துல உங்களுக்காக நிறுத்தினா எல்லாருக்கும் நல்லதா சொல்லுங்க?”

டீச்சர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கணவரைப் பார்த்தார். அவர் அந்த நேரம் பார்த்துச் சிவப்புப் பொத்தானை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் டீச்சர் சண்டை போடவில்லை. அதுதான் விசைக்காரருக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு விசைக்காரரே ஆரம்பித்தார்.

“நான் என்ன பண்ணட்டும் சொல்லு. ஒரு விரலை வச்சேன்னா அப்புறம் குடை எண்ணிக்கிட்டுதான் உக்காரணும்.”

“நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே. பட்டன் பளபளன்னு இருந்துச்சு. நல்லா துடைக்கிறீங்க.”

“அந்த மூட்டை இடத்தைப் பிடிச்சிக்கிட்டா நான் என்னம்மா செய்ய முடியும்?”

“மூட்டை எத்தனை கிலோ?”

“எழுபது.”

“நான் அம்பத்திரண்டு.” விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் பேனாவை மூடினார். “இன்னும் பதினெட்டு கிலோதானே இடிக்குது?”

விசைக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தானும் நிறுத்திக்கொண்டார்.

“காலையில மூட்டையை ஏத்தும்போது வடம் ஓடாம நிக்குது இல்ல?”

“நிக்குது.”

“யாராவது பக்கத்துல இருப்பாங்களா?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப மூட்டைக்குப் பதிலா என்னை ஏத்துங்க. விதிப்படி எழுபது கிலோ. யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துட்டேன், வர்ற பத்தொன்பதாம் தேதி.”

பத்தொன்பதாம் தேதிதான் ஆயிரமாவது நாள். அதைச் சொன்னபோது டீச்சர், “ஆமா, அன்னிக்குத்தான் எல்லாரும் மேடையைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார். இருபது வருடமாகத் தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்தவருக்கு, யார் கண் எப்போது எங்கே இருக்கும் என்று தெரியாதா?

பதினெட்டு கிலோவைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. அட்லஸ் மூன்று கிலோ. இரும்புக் கால் வைத்த உலக உருண்டை நான்கு. தண்ணீர், சாப்பாடு, போர்வை, தொலைநோக்கி. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இரண்டு. “தாள்தான் அஞ்சு கிலோ. மார்க்கை மட்டும் நிறுத்தா அரைக் கிலோ தேறாது” என்றார் டீச்சர். கடைசியில் எழுபது கிலோ நூறு கிராம் வந்தது. விசைக்காரர் விதியை மதிப்பவர். ஒரு பேனாக் கட்டை எடுத்து வெளியே வைத்தார்.

பத்தொன்பதாம் தேதி காலை ஏழரை. ஏழாம் பெட்டியில் டீச்சர் ஏறினார். கொக்கிகள் மாட்டப்பட்டன. பதிவேட்டில், ‘சோதனை எடை: மணல் மூட்டை, எழுபது கிலோ’ என்று விசைக்காரர் எழுதினார். மனைவியை அவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார், இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. இறங்கிய மூட்டையாரை இயந்திர அறையில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்தார். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவருக்குக் கிடைத்த முதல் துணை.

ஒரு சுற்று இருபத்திரண்டு நிமிடம். பெட்டி கீழ்நிலையத்தைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு நொடி. அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை பேசலாம்.

முதல் சுற்று முடிந்து டீச்சர் வந்தார். முகம் சிவந்திருந்தது. “இந்தப் பக்கம் பூரா பாத்துட்டேன். நம்ம வீட்டு மாடியில காயுற துணிகூடத் தெரியுது. ஆனா மேல போனா சுவர்தாங்க இருக்கு.”

உச்சி நிலையத்தில் பெட்டிகள் ஒரு கொட்டகைக்குள் புகுந்து திரும்பும். மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் இறங்கி இருபதடி போக வேண்டும். விசைக்காரருக்கு இது தெரியும். இத்தனை நாள் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் சுற்று. “என் தம்பி அங்க டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் என்னடா இருக்குன்னு கேட்டேன். ‘வெறும் காடுதான்’னு முழிக்கிறான். பாத்துச் சொல்ல வேண்டியதைக் கேட்டுச் சொல்லவாங்க முடியும்?”

உச்சி நிலையத்தைப் பார்த்துக்கொள்பவன் டீச்சரின் தம்பிதான். அடுத்த நிமிடம் அவனிடமிருந்து போன்.

“மாமா, ஏழாம் பெட்டியில மூட்டை என்னைத் திட்டுது.”

“என்னன்னு?”

“வேலை நேரத்துல டீ குடிக்கிறேன்னு. அக்கா குரல்லயே திட்டுது மாமா.”

“அக்காதான்டா.”

மறுமுனையில் டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நிறுத்தினீங்கன்னா நான் இறக்கிடுவேன் மாமா. அரை நிமிஷம் போதும்.”

“நீ போனை வைடா.”

மூன்றாம் சுற்றில் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டே போனார். நான்காவதிலும் அப்படியே. விசைக்காரர் மூட்டையாரைப் பார்த்தார். சாய்ந்திருந்த அவருடைய தொப்பியை நிமிர்த்திவிட்டார்.

பத்து மணிக்கு மேடையில் விழா தொடங்கியது. தணிக்கை அதிகாரி நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தோடு வந்திருந்தார். சாய்வுப் பாதையின் சரிவை அளந்தார். புள்ளி எழுத்துப் பலகையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பாராட்டினார். ஏழாம் பெட்டி மேடையை விட்டு ஏறிக்கொண்டிருந்தது.

“இதுதான் மேடம் எங்க பெருமை. ஒருநாளும் காலியா போனதில்லை.”

“பாத்தேன். பயணி கை அசைக்கிறாரே.”

மேலாளரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நாளில் மூட்டையார் யாருக்கும் கை அசைத்ததில்லை.

“காத்து மேடம். மேல காத்து ஜாஸ்தி” என்றவர், கழுத்தில் விழுந்த விழா மாலையைக் கழற்றாமலே இயந்திர அறைக்கு ஓடினார். உள்ளே மூட்டையார் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

“இவர் இங்க இருக்காரே. அப்ப மேல போறது யாரு?”

“என் வீட்டுக்காரம்மா சார்.”

“எப்பய்யா ஏத்தினே?”

“காலையில. வடம் ஓடுறதுக்கு முன்னாடி. எடை சரியா எழுபது கிலோ சார். நூறு கிராம் ஜாஸ்தியா இருந்துச்சு, குறைச்சிட்டேன்.”

மேலாளர் மூட்டையாருக்கு எதிரே இருந்த நாற்காலியில் சரிந்தார். “சரி. ஆனது ஆச்சு. சாயங்காலம் வரைக்கும் சத்தம் போடாம உக்காந்திருக்கச் சொல்லு. மூட்டை இருந்திச்சில்ல, இத்தனை நாள்?”

இந்த இடத்தில் விசைக்காரர் வீராவேசமாக ஏதாவது பேசியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் பேசவில்லை. பேசத் தெரிந்திருந்தால் அவர் ஏன் விசைக்காரராக இருக்கிறார், மேலாளராகியிருப்பாரே. பெட்டி உச்சியை எட்டும் நேரம் பார்த்துப் போனை எடுத்தார். “ஏழாவது உள்ள வந்துட்டுதாடா?” என்று கேட்டார். “வருது மாமா, வருது, வந்தாச்சு” என்றான் மைத்துனன். விசைக்காரர் சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்து அழுத்தினார். அவ்வளவு துடைத்திருந்ததால் விரல் ஒருமுறை வழுக்கியது. மறுபடி அழுத்தினார்.

வடம் நின்றது.

நிலையத்தில் இருந்தவர்களுக்கு முதலில் என்ன நடந்தது என்று புரியவில்லை. அந்த இரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. பிறகு கொட்டகை விட்டத்தில் ஒரு குருவி கத்துவது கேட்டது. ஆயிரம் நாளாக அது அங்கே கத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பெட்டிகளில் தொங்கியவர்கள் யாரும் அலறவில்லை. படம் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது நொடியில் போன் வந்தது.

“இறக்கிட்டேன் மாமா. அக்கா என்னைத் தள்ள விடல. தானே உருட்டிக்கிட்டுப் போறாங்க.”

விசைக்காரர் நெம்புகோலைத் தள்ளினார். வடம் மறுபடி நகர்ந்தது. தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “குடை அறைச் சாவி யார்கிட்ட இருக்கு சார்?” என்று கேட்டார்.

அதற்குள் அதிகாரி வாசலில் நின்றார். “ஏன் நின்னது? பயணியை இறக்கவா? அப்படின்னா முப்பத்தொன்னாம் கேள்விக்கு ‘ஆம்’ போட்டுக்கலாம். ‘சக்கர நாற்காலிப் பயணி உச்சியில் இறக்கப்பட்டாரா?’ நான் போன எந்த நிலையத்துலயும் இதுக்கு ‘ஆம்’ விழுந்ததில்லை. ஆனா பயணிக்காக நின்னதுன்னா உங்க கேடயம் போயிடும்.”

ஒரு பக்கம் சான்றிதழ். ஒரு பக்கம் கேடயம். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய நிர்வாகிகள் பிறப்பது இப்படிப்பட்ட கணங்களில்தான்.

“பதிவேட்டை எடுய்யா. காலையில ஏழாம் பெட்டியில என்ன ஏத்தினதா எழுதியிருக்கே?”

“மணல் மூட்டை, எழுபது கிலோ.”

“அவ்வளவுதானே மேடம். பயணிக்காக நிற்கவே இல்லை. சோதனைப் பொருளை இறக்குறதுக்காக நின்னது. அது பராமரிப்பு. பராமரிப்பு, நிறுத்தக் கணக்குல வராது.”

“அப்ப முப்பத்தொன்னாம் கேள்வி?”

“அந்தச் சோதனைப் பொருளைத்தான் மேடம் தணிக்கை அறிக்கையில ரெண்டு வருஷமா பயணின்னு காட்டிக்கிட்டு வரோம். அதுவும் ‘ஆம்’தான்.”

அதிகாரி யோசித்தார். இரண்டு பதிவேடு, இரண்டு துறை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளப்போவதில்லை. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலைவரை காத்திருக்காமல், கைதட்டலுக்கு நடுவே அப்போதே பலகையில் எண் ஆயிரமானது. விசைக்காரரின் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாமல் போனது. வடம்தான் நிற்கவே இல்லையே.

மாலை ஐந்து மணிக்கு ஓட்டம் முடிந்து வடம் நின்ற பிறகு டீச்சரை ஏழாம் பெட்டியில் ஏற்றி, வடத்தை இன்னொரு முறை ஓட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். காற்றில் முடி கலைந்து, மூக்கு வெயிலில் கருத்து, மடியில் ஒரு காய்ந்த முள்செடியோடு வந்தார்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் விசைக்காரர்.

“காய்ஞ்சுதாங்க கெடக்கு. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே. கண்ணுக்கெட்டுற வரைக்கும் பழுப்பு.” முள்செடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். “இருபது வருஷமா புள்ளைங்ககிட்ட பொய் சொல்லலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” கொஞ்ச தூரம் உருட்டிய பிறகு, “பட்டன் வேலை செய்யுது போல” என்றார்.

“துடைச்சு வச்சிருந்தேன்ல.”

டீச்சர் போகிற வழியில் கருத்துப் பதிவேட்டைக் கேட்டார். கவுன்டரில் இருந்த பெண் தயங்கியது. “மூட்டைங்க எழுதுற வழக்கம் இல்ல டீச்சர்” என்றது.

செய்தி எப்படிப் பரவியதென்று தெரியாது. அடுத்த வாரமே கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து, “நான் அறுபத்திரண்டு கிலோ, எட்டுக் கிலோவுக்குக் கையோட செங்கல் கொண்டு வந்திருக்கேன்” என்றார். அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எண்பத்தொரு கிலோ. நீதிபதியாக இருந்தாலும் மூட்டை மூட்டைதான் என்று எடை குறைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாளுக்கு ஒரு மூட்டை. இப்போது எட்டு மாதத்துக்கு முன்பதிவு ஆகிவிட்டது. வாசலில் சான்றிதழுக்குக் கீழே மேலாளர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு தொங்குகிறது: ‘சக்கர நாற்காலியில் வருவோர் தங்களை மூட்டையாகப் பதிவு செய்துகொள்ளவும். பயணியாகவே ஏற விரும்புவோர் ஏழாம் பெட்டி காலியாகும்வரை காத்திருக்கவும்.’ அசல் மூட்டையார் இயந்திர அறையிலேயே தங்கிவிட்டார். விசைக்காரர் அவரோடு இப்போது நன்றாகப் பேசுகிறார்.

தினமும் காலையில் ஒரு தரம், உச்சியில், நாற்பது நொடி வடம் நிற்கிறது. குருவி கத்துவது கேட்கிறது. பலகையில் எண் ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. அந்த நிலையத்தில் வடம் இன்றுவரை ஒரு மனிதருக்காக நின்றதே கிடையாது.